கிராமத்தில் குடியிருந்து பாடம் படித்த பேராசிரியர்

1970-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்போர்டு என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தீப்பற்றி எரிந்தது. தானாகப் பிடித்த தீ அல்ல. விஷமிகள் வைத்த தீ. வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்கக் கல்லூரிகள் கொந்தளித்துக் கொண்டிருந்த காலம் அது.

அந்த நிலையத்தில் ஓர் அறை இந்தியப் பேராசிரியர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அறையில் பணம் இல்லை; நகை இல்லை. காகிதங்கள்தான் இருந்தன. மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி அவர் எழுதி, தலைப்பு வாரியாகப் பிரித்து, அடுக்கி வைத்திருந்த குறிப்புகள். 18 ஆண்டு உழைப்பு. ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று மூன்று பிரதிகள் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் மூன்றும் அதே அறையில் இருந்தன. மூன்றையும் தீ தின்றது.

அந்தப் பேராசிரியர்தான் எம்.என்.சீனிவாஸ். இந்தியாவில் சமூகவியல் என்ற படிப்பை நூலகத்தில் இருந்து வயல் வரப்புக்கு அழைத்துப் போனவர். இன்று செய்தித்தாளைப் புரட்டினால் கண்ணில் படும் வாக்கு வங்கி என்ற சொல்லை முதலில் எழுத்தில் கையாண்டவர் என்று அறியப்படுகிறவரும் அவரே.

தமிழ் பேசிய மைசூர்க் குடும்பம்

மைசூர் நரசிம்மாச்சார் சீனிவாஸ் என்பது முழுப் பெயர். 1916-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி மைசூர் நகரில் பிறந்தார். ஐயங்கார் குடும்பம். பல தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் இருந்து கன்னட நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழி வந்தது. வீட்டுக்குள் கன்னடம் கலந்த தமிழ். வாசலைத் தாண்டினால் கன்னடம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இது புதிய சங்கதி அல்ல.

குடும்பத்தின் சொந்த ஊர் அரக்கெரே என்ற கிராமம். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே அவருடைய தந்தை கிராமத்தை விட்டு மைசூருக்கு வந்தார். கொஞ்சம் நிலம் இருந்தது. மைசூர் அரசின் மின்சார இலாகாவில் உத்தியோகமும் இருந்தது.

அவர்கள் குடியிருந்த தெரு, படித்த பிராமணக் குடும்பங்கள் நிறைந்த தெரு. ஆனால் வீட்டின் பின்பக்கம் போனால் உலகமே வேறு. கிராமத்தில் இருந்து வந்து தங்கிய ஆட்டிடையர்களான குருபர்கள் அங்கே வாழ்ந்தார்கள். சாப்பாடு வேறு, சாமி வேறு, சண்டை போடும் முறை வேறு, அழும் முறை வேறு. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் சில கெஜ தூரம்தான். ஆனால் இரண்டு பக்கத்து வாழ்க்கைக்கும் இருந்த தூரம் அந்தச் சிறுவனை வியப்பில் ஆழ்த்தியது. பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

பம்பாயில் குர்யேயிடம்

மைசூர் பல்கலைக்கழகத்தில் சமூகத் தத்துவம் படித்துப் பட்டம் பெற்ற சீனிவாஸ், மேல்படிப்புக்காகப் பம்பாய்க்குப் போனார். 1919-ல் சமூகவியல் துறை தொடங்கிய பம்பாய் பல்கலைக்கழகத்தில் அப்போது தலைமைப் பேராசிரியராக இருந்தவர் ஜி.எஸ்.குர்யே. சமஸ்கிருதத்தில் கரை கண்டவர். சாதி பற்றிய அவருடைய புத்தகம் புகழ் பெற்றது.

குர்யேயிடம் சேர்ந்த மாணவர் சும்மா இருக்க முடியாது. மைசூரில் திருமணமும் குடும்பமும் எப்படி இருக்கின்றன என்று ஆராய்ந்து எம்.ஏ. பட்டத்துக்கு சீனிவாஸ் கட்டுரை எழுதினார். அது 1942-ல் புத்தகமாக வந்தது. இடையில் சட்டமும் படித்து முடித்தார். பிறகு குர்யே அவரைத் தமிழ், தெலுங்குப் பகுதிகளுக்குத் தகவல் திரட்ட அனுப்பினார். அப்போது நம் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்து அவர் எழுதிய கட்டுரை பம்பாய் பல்கலைக்கழக ஏட்டில் வெளிவந்தது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது கூர்க் மலைநாட்டுக் கொடவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. கூர்க்கில் தொடர்ந்து நீண்ட நாள் தங்க உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. விட்டு விட்டுப் போய்த் தகவல் சேர்த்தார். 1944-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

ஆக்ஸ்போர்டில் கிடைத்த புதிய கண்

1945-ல் சீனிவாஸ் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஆக்ஸ்போர்டில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ராட்கிளிப்-பிரவுன். அந்தமான் தீவுகளின் ஆதிவாசிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு இவான்ஸ்-பிரிட்சார்டு வந்தார். அவர் ஆப்பிரிக்காவில் நூவர் என்ற மாடு மேய்க்கும் மக்களுடன் தங்கி ஆராய்ந்தவர்.

இந்த ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: ஒரு வழக்கத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் பார்க்காதே. திருமணச் சடங்கோ, திருவிழாவோ, தீட்டோ, அது அந்த மக்களின் வாழ்க்கையில் என்ன வேலை செய்கிறது என்று பார். அது இல்லாவிட்டால் எது சரியும் என்று யோசி.

கையில் இருந்த கூர்க் தகவல்களையே இந்தக் கண்ணோடு சீனிவாஸ் மறுபடி பார்த்தார். முன்பு பட்டியலாக இருந்தது இப்போது உயிருள்ள படமாக மாறியது. 1947-ல் ஆக்ஸ்போர்டு டாக்டர் பட்டமும் பெற்றார். கூர்க் மக்களின் சமயமும் சமூகமும் பற்றிய அவருடைய நூல் 1952-ல் வெளிவந்தது.

அந்த நூலில்தான் அவர் ஒரு புதிய கருத்தை விளக்கினார். கொடவர்கள் இறைச்சி உண்பவர்கள், மது அருந்துபவர்கள். அவர்களில் அம்மா கொடவர் என்ற சிறிய பிரிவினர் மட்டும் மாமிசத்தையும் மதுவையும் விட்டார்கள், பூணூல் போட்டுக்கொண்டார்கள். இப்படிக் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட ஒரு சாதி, மேல்சாதியின் பழக்கங்களை எடுத்துக்கொண்டு ஓரிரு தலைமுறையில் மேல்படிக்கு உரிமை கொண்டாடுவது இந்தியா முழுவதும் நடந்து வந்திருக்கிறது. இதற்கு அவர் சமஸ்கிருதமயமாதல் என்று பெயர் கொடுத்தார்.

சாதி அடுக்கு என்றால் நான்கு வருணம், அது அசையாத பாறை என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஊருக்குள் போய்ப் பார்த்தால் வருணம் அல்ல, சாதிதான் நடைமுறை. அதுவும் ஏறுவதும் இறங்குவதுமாக அசைந்துகொண்டே இருக்கிறது. புத்தகப் பார்வை வேறு, களப் பார்வை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவினை இன்றும் சமூகவியல் மாணவர்களின் முதல் பாடங்களில் ஒன்று.

காளைகள் கட்டிய வீட்டில்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரை இந்தியச் சமூகவியல் விரிவுரையாளராக நியமித்தது. ஆனால் பாடம் நடத்துவதற்கு முன் கிராமத்துக்குப் போய்த் தங்கிவர அனுமதியும் கொடுத்தது. 1948-ம் ஆண்டு தொடக்கத்தில் சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போய் இறங்கினார். காந்தியடிகள் சுடப்பட்ட துக்கத்தில் நாடே மூழ்கிக் கிடந்த நேரம்.

தன் புத்தகங்களில் அந்த ஊருக்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். அது உண்மைப் பெயர் அல்ல. ஊர்க்காரர்களின் பெயர்களையும் மாற்றினார். நம்பி வாய் திறந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது என்பது இந்தத் துறையின் ஒழுக்கம்.

ஊரில் சுமார் 1500 பேர். 19 இந்து சாதிகள், முஸ்லிம்களும் உண்டு. நெல் விளையும் பூமி. ஊர்த் தலைவருக்குச் சொந்தமான, உழவுக் காளைகள் கட்டும் வீட்டில் சீனிவாசுக்கு இடம் கிடைத்தது. சமையல்காரர் ஒருவரையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

அங்கே அவர் செய்த வேலை என்ன? பார்த்தால் வேலை மாதிரியே தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது. வயலுக்குப் போகிறவர்களோடு கூடப் போவது. கல்யாணம், கருமாதி, பஞ்சாயத்து எதுவானாலும் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது. பிறகு எல்லாவற்றையும் எழுதுவது. யார் யாருக்கு உறவு, யார் யாரிடம் கடன், யார் வீட்டில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் எல்லாம் நோட்டில் ஏறியது.

அச்சடித்த கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போய் ஒரே நாளில் வேலையை முடித்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அது ரேஷன் காலம். அரசாங்கம் தானியம் கொள்முதல் செய்த காலம். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் பேனாவும் காகிதமுமாக வந்து எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை என்று கேட்டால் எந்த விவசாயி உள்ளதைச் சொல்வான்? கணக்கெடுப்பில் விழும் பதில் வேறு. கண்ணால் காணும் நடப்பு வேறு. பல மாதம் கூட இருந்தவனுக்குத்தான் இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். கேள்வித்தாளுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அவற்றுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே கூட இருந்து பார்க்க வேண்டும். பஸிபிக் கடலில் டிராப்ரியண்டு தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கி மாலினோவ்ஸ்கி வகுத்துக் காட்டிய முறை இது. அதைத் தன் சொந்தச் சீமையிலேயே செய்து பார்த்தார் சீனிவாஸ்.

ஊர் அவரையும் கவனித்தது

ஆராய வந்தவர் ஊரைப் பார்த்தார். ஊரும் அவரைப் பார்த்தது. ஆக்ஸ்போர்டு என்ன, டாக்டர் பட்டம் என்ன, ஊருக்கு அவர் பிராமணர். அந்தப் படியே நடக்க வேண்டும். குளித்த பிறகு சவரம் செய்துகொண்டதற்காக அவரைக் கண்டித்தார்கள். சவரம் முடித்துவிட்டுத்தானே குளிக்க வேண்டும்? ஒரு பெரிய மனிதருக்கு இது கூடவா தெரியாது என்பது அவர்கள் குறை.

வானம் பொய்த்தபோது ஊர்ப் பெரியவர்கள் கோவிலுக்குப் போய்ப் பூக் கேட்டார்கள். வலப்பக்கம் பூ விழுந்தால் மழை உண்டு என்று அர்த்தம். பூ விழவில்லை. கெஞ்சினார்கள், பிறகு கோபித்துக்கொண்டார்கள், சாமியையே உரிமையோடு திட்டினார்கள். பக்தி என்றால் பயந்து கும்பிடுவது மட்டும் அல்ல, சொந்தக்காரரிடம் சண்டை பிடிப்பது போன்ற பக்தியும் உண்டு என்பது அவருக்கு அங்கே விளங்கியது. எந்த வேத நூலிலும் இதைப் படித்திருக்க முடியாது.

ஊரில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் அங்கேதான் கண்டார். சாஸ்திரப்படி பிராமணர் மேல். ஆனால் நிலம், ஆள்பலம், பஞ்சாயத்துச் சொல் எல்லாம் ஒக்கலிகர்களிடம் இருந்தன. வழக்கு வந்தால் எல்லா சாதிக்காரர்களும் அவர்கள் முன்புதான் நின்றார்கள். இப்படிப்பட்ட சாதிக்கு அவர் ஆதிக்க சாதி என்று பெயர் சூட்டினார். கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் தலைநகரில் திட்டம் தீட்டியவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் பல குடும்பங்களின் ஓட்டுகளை மொத்தமாக வாங்கித் தருவதைக் குறிக்க, 1955-ல் வெளிவந்த கட்டுரையில் வாக்கு வங்கி என்ற சொல்லைக் கையாண்டார்.

பரோடாவும் டில்லியும்

1951-ல் ஆக்ஸ்போர்டு வேலையை விட்டுவிட்டு சீனிவாஸ் நாடு திரும்பினார். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி வளர்த்தார். 1952 கோடையில் மறுபடியும் ராம்புராவுக்குப் போய்த் தங்கினார். இந்தியக் கிராமங்கள் பற்றிப் பல அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 1955-ல் ஒரு நூல் கொண்டுவந்தார். கிராமம் என்பது வெளியுலகத் தொடர்பே இல்லாத, தன்னிறைவு கொண்ட குட்டிக் குடியரசு என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருந்தார்கள். அது சரியல்ல, கிராமம் எப்போதும் வெளியூரோடு சந்தை, சம்பந்தம், யாத்திரை, வரி என்று பல கயிறுகளால் பிணைக்கப்பட்டிருந்தது என்பதை இப்படிப்பட்ட நேரடி ஆய்வுகள் காட்டின.

1959-ல் டில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. டில்லி பொருளாதாரக் கல்லூரியில் சமூகவியல் துறை உருவானது. அங்கே முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவர் வைத்த எதிர்பார்ப்பு ஒன்றுதான். நூல்களைப் படி. ஆனால் அதோடு நின்றுவிடாதே. ஒரு ஊரிலோ, ஒரு தொழிற்சாலையிலோ போய் இரு. மொழியைக் கற்றுக்கொள். பார்த்ததை அன்றன்றே எழுது. எழுதியதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்து வாதாடு.

இதன் பலன் தமிழ்நாட்டுக்கும் கிடைத்தது. ஆந்த்ரே பெத்தேய் என்ற வங்காள இளைஞர் அந்தத் துறையில் சேர்ந்து, தமிழ் கற்றுக்கொண்டு, தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கினார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி ஆகிய மூன்றுக்கும் இடையே நிலமும் அதிகாரமும் எப்படிக் கைமாறுகின்றன என்று அவர் எழுதிய நூல் 1965-ல் வந்தது. அதே துறையைச் சேர்ந்த ஈ.ஏ.ராமசாமி கோவைக்குப் போய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களையும் அவர்கள் சங்கத்தையும் ஆராய்ந்தார். அவருடைய நூல் 1977-ல் வெளிவந்தது. ஆலைத் தொழிலாளியின் சங்கக் கூட்டமும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு உரிய பொருள்தான் என்பது அப்போது நிலைபெற்றது.

இந்தத் துறையில் ஈடுபடுபவன் மூன்று முறை பிறக்கிறான் என்பது சீனிவாசின் கருத்து. தாய் வயிற்றில் ஒன்று. அந்நிய மக்களோடு வாழ்ந்து அவர்களுடைய கண்ணால் உலகைப் பார்க்கும்போது இரண்டாவது. அந்தக் கண்ணோடு திரும்பி வந்து சொந்த மக்களைப் பார்க்கும்போது மூன்றாவது.

தீயில் மிஞ்சியது

ராம்புராவைப் பற்றிய முழு நூல் மட்டும் எழுதப்படாமலே இருந்தது. துறைகளைக் கட்டுவதிலேயே காலம் போனது. கடைசியில் 1970-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த ஒரு வேலைக்காகவே ஸ்டான்போர்டு போனார். அங்கேதான் தீ வந்தது.

கிராமத்தில் எழுதிய மூல நாட்குறிப்புகள் டில்லியில் தப்பியிருந்தன. ஆனால் அவற்றைப் பிரித்து அடுக்கிய 18 ஆண்டு வேலை போய்விட்டது. வயதோ 53. மறுபடி முதலில் இருந்து தொடங்கினால் இன்னொரு 18 ஆண்டு ஆகலாம்.

மனம் ஒடிந்திருந்த அவருக்கு சால் டாக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு யோசனை சொன்னார். காகிதத்தை விடுங்கள், நினைவில் இருப்பதை எழுதுங்கள் என்பதே அது. முதலில் இது ஒரு விஞ்ஞானிக்கு ஆகாத காரியம் என்று தோன்றலாம். ஆனால் சீனிவாஸ் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஊர்த் தலைவரின் நடை, கூட இருந்து உதவியவரின் தந்திரங்கள், ஏர் பூட்டும் காலை, பஞ்சாயத்தில் எழுந்த குரல் எல்லாம் திரும்பி வந்தன. அந்த நூல் நினைவில் நின்ற கிராமம் என்ற பொருள் கொண்ட பெயரில் 1976-ல் வெளிவந்தது. சமூகவியல் நூல் ஒன்றை நாவல் படிப்பது போலச் சாதாரண மக்களும் படிக்க முடிந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு. நினைவு ஆதாரமாகுமா என்று கேட்டார்கள். நினைவு தனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும் அல்லவா? இன்னொரு கேள்வி அதைவிடக் கூர்மையானது. ஊர்த் தலைவர் வீட்டில் தங்கிய பிராமண ஆராய்ச்சியாளருக்கு, ஊர் ஓரத்தில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களின் வாழ்க்கை எவ்வளவு தெரிந்திருக்கும்? பெண்களின் பேச்சு எவ்வளவு காதில் விழுந்திருக்கும்? 1978-ல் சமூகவியல் ஆய்வு ஏடு ஒன்று இந்த நூலை விவாதிப்பதற்காகவே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

இதில் சீனிவாசின் நேர்மையையும் சொல்ல வேண்டும். மேல்சாதியினரின் நடுவில் இருந்தே ஊரைப் பார்க்க நேர்ந்தது என்பதை அவரே தம் நூலில் மறைக்காமல் எழுதியிருந்தார். எங்கே நின்று பார்த்தோம் என்று சொல்லிவிட்டால், எது கண்ணில் பட்டிருக்காது என்று படிப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிற்காலத்தில் சேரியில் தங்கியும் பெண்களோடு பழகியும் செய்யப்பட்ட ஆய்வுகள், அவர் விட்ட இடத்தில் இருந்தே தொடங்கின.

பெங்களூரில் கடைசிக் காலம்

1972-ல் சீனிவாஸ் டில்லியை விட்டு பெங்களூருக்கு வந்தார். பொருளாதார மேதை வி.கே.ஆர்.வி.ராவுடன் சேர்ந்து சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிலையத்தை உருவாக்குவதில் பங்கு கொண்டார். 1977-ல் பத்மபூஷண் விருது பெற்றார். கள ஆய்வுக்குப் போன இந்திய ஆராய்ச்சியாளர்கள் பட்ட பாட்டையும் பெற்ற பாடத்தையும் அவரவர் வாயாலேயே சொல்லவைத்து, ஏ.எம்.ஷா, ஈ.ஏ.ராமசாமி ஆகியோருடன் சேர்ந்து 1979-ல் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார். பிறகு பெங்களூரிலேயே தேசிய உயராய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். எண்பது வயதிலும் எழுத்து நிற்கவில்லை.

1999-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெங்களூரில் சீனிவாஸ் காலமானார். வயது 83.

கோடிக்கணக்கான மக்களை எண்ணுவதற்கு இந்த நாட்டில் இலாகாக்கள் உண்டு, படிவங்கள் உண்டு. எண்ணிக்கை தேவைதான். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் மனிதன் யாரிடம் உட்கார்ந்து பேசுகிறான், யார் முன்னால் எழுந்து நிற்கிறான், எதற்காகப் பொய் சொல்கிறான் என்பது படிவத்தில் விழாது. அதைத் தெரிந்துகொள்ள அவனோடு போய் இருக்க வேண்டும். படித்தவன் பாமரனுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், கையில் நோட்டோடு பாமரனிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தவர் சீனிவாஸ். சமூகவியல் முதுகலை வகுப்பில் ஆராய்ச்சி முறை என்ற பாடம் இருக்கும்வரை அவர் பெயரும் இருக்கும்.